வேனை வெளியே நிறுத்திய நாள்

என் தம்பி வேலை செய்த கப்பல் கொழும்புக்கு வரப்போகிறது என்ற செய்தி, மஸ்கெலியா டவுனில் ஒரு தொலைபேசிக் கடையில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. நானும் என் கணவரும் டவுனை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒரு காம்பராவில். தம்பி எந்தத் துறைமுகத்திலிருந்தாவது கடைக்கு அழைத்து, மறுபடி எப்போது எடுப்பேன் என்று சொல்லி வைப்பான். கடைக்காரர் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குத் தகவல் அனுப்புவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் கைக்குட்டையால் சுண்ணாம்புத் தூளைத் துடைத்தபடி ஓடுவேன்.

"அக்கா, கப்பல் கொழும்புக்கு வருது. ஒரே ஒரு பகல்தான் நிக்கும். எனக்கு மூணு மணி நேரம் லீவு தர்றாங்க."

"நாங்க வந்து பாக்க முடியுமாடா?"

"அதுக்குத்தானே எடுத்தேன். மச்சான்கிட்ட சொல்லுங்க, ஹார்பருக்கு உள்ளுக்கே வேன் நிப்பாட்ட எடம் இருக்கு. கப்பலுக்குப் பக்கத்துலயே. நான் படியில எறங்குனா வேன்தான். வர்றவங்க எல்லாரோட ஐடென்டி நம்பரையும் முன்னாடியே குடுத்தா பாஸ் போட்டுத் தருவாங்க."

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை. லயத்துக் காம்பராவில் பிறந்தவர். அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், கல்யாணப் பதிவில் இன்னொரு பெயர். இரண்டு தடவை விண்ணப்பித்தோம், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. தோட்டத்தைவிட்டு அதிகம் வெளியே போகாதவருக்கு அது இல்லாமலேயே காலம் ஓடிவிட்டது. நாட்டில் சண்டை ஓய்ந்து, வழியில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த காலம் அது. அதனால்தான் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கவாவது முடிந்தது.

"வெளியில நிப்பாட்டினா?" என்று கேட்டேன்.

"வெளியில நிப்பாட்டினா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா நான் பஸ் புடிச்சு கேட்டுக்கு வந்து, செக்கிங் முடிச்சு வெளிய வரணும். திரும்பவும் அதே மாதிரி போகணும். பாதி நேரம் அதுலயே போயிரும்க்கா."

உள்ளே நிறுத்தினால் மூன்று மணி நேரம், அம்மா இல்லாமல். வெளியே நிறுத்தினால் அதில் பாதி, அம்மாவோடு. அன்று மாலை லயத்துக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தாமலே முடிவு சொன்னார்.

"உள்ளுக்கே நிப்பாட்டுங்க. நான் வரல. ரெண்டு வருசமா ஒத்தயில கெடக்கிற புள்ள. மூணு மணி நேரம் சொந்தக்காரங்க மூஞ்சி பாக்கட்டும்."

அப்பாவுக்கு அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். தம்பி அனுப்பிய படத்தில் ஒவ்வொரு மாடியாக விரல் வைத்து எண்ணியவர் அவர். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலேயே வயதைக் கழித்த மனிதருக்கு, மாடி மாடியாகக் கடலில் போகும் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு. உள்ளே போனால் அது கிடைக்கும். அவர் ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி சொன்னார்:

"இவ இல்லாம நான் அங்க போய் என்னத்த செய்ய?"

அதற்குப்பிறகு உள்ளே நிறுத்தும் பேச்சு எழவே இல்லை.

என் கணவர் வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வாரமே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர், ஹார்பர் பக்கம் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று கேட்டுக்குக் கிட்டவே இருந்தது. வெட்டவெளித் தார்த்தரை, கண்டெய்னர் லொறிகள் ஓயாமல் வந்து போகுமிடம். மற்றது ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி. பெரிய வாகை மரம், தண்ணீர்க் குழாய், சுத்தமான கக்கூஸ்.

"கிட்ட இருக்கிறது நல்லதுல்லியா? அம்மாவால நடக்க ஏலாதே" என்றேன்.

"டீச்சரம்மா, விடியறதுக்கு முன்னுக்கு ஏறி உக்கார்ற மனுசிக்கு எறங்குன ஒடனே என்ன வேணும்? அத்தைய அந்த லொறிங்களுக்கு நடுவுல எங்க கூட்டிட்டுப் போவீங்க? அவங்க நெழல்ல இருக்கட்டும். தம்பிய நான் போய் கூட்டிட்டு வாரேன்."

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து நான்கைந்து வருடமாகியிருந்தது. மழை நாளில் மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்தவர். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பொல்லை ஊன்றி லயத்துக்குள் நடப்பார், குழாயடிவரை போவார். அவ்வளவுதான்.

கப்பல் வந்த நாளில் நோர்ட்டன் வழியாக இறங்கி, கினிகத்தேனையில் விடிந்து, அவிசாவளையில் வெயில் ஏறி, தேவாலய வளவுக்குள் நுழைந்தபோது அம்மாவின் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். ரொட்டி, கட்டச் சம்பல், தம்பிக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். அந்த வாசனை வேன் முழுக்க இருந்தது.

வளவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள அம்மா. மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார், கப்பலிலிருந்து மகன் வரப்போகிறான் என்று. அவர் எழுந்துவந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, தானே கக்கூஸ்வரை கூட்டிப்போனார். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது.

நேரம் நெருங்கியதும் என் கணவர் கேட்டுக்குப் புறப்பட்டார். அம்மா பொல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் வாரேன்."

"அத்தே, நடக்க வேண்டிய தேவையே இல்ல. இங்கயே கூட்டிட்டு வந்துருவேன்."

"அவன் வெளிய வர்றப்ப என் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும்."

அந்தக் குரலோடு வாதாட எங்கள் யாராலும் ஏலாது. அந்தச் சிங்கள அம்மாவுக்கு என் கணவர் விளக்கியபோது, அவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் துடைத்து நீட்டினார். "கமக் நே, கமக் நே" என்றார். பரவாயில்லையாம். தான் மரத்து வேரில் உட்கார்ந்துகொண்டார்.

அப்படித்தான் நாங்கள் போனோம். கொஞ்ச தூரம் அம்மா நடப்பார். நின்றதும் அப்பா கதிரையைப் பின்னால் வைப்பார். அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்குவார். வீதியில் லொறிகள் புழுதியைக் கிளப்பிப் போயின. மலையில் ஸ்வெட்டரோடு திரிந்த எங்களுக்கு அந்த வெக்கை முகத்தில் அடித்தது. பாதி வழியில், ஒரு சுவரின் நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தபோது, எதிரே ஒருவன் நடையும் ஓட்டமுமாக வந்தான். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. ஆள் பாதியாகியிருந்தான். நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அம்மா பொல்லில்லாமல் எழுந்து நின்றுவிட்டார்.

அவனுக்கு முந்திய பஸ் கிடைத்திருக்கிறது. கேட்டில் எங்களுக்காக நிற்காமல், மச்சான் முன்பே போனில் சொல்லியிருந்த தேவாலயத்தை விசாரித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். அம்மா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அழவில்லை.

"என்னடா, கப்பல்ல சோறு போடறதில்லியா?"

"ஆயிரம் பேருக்கு நான்தாம்மா பாண் சுட்டுப் போடறேன். எனக்குத்தான் திங்க நேரமில்ல."

திரும்பி நடக்க அம்மா பொல்லை ஊன்றினார். தம்பி அவர் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தான். என் கணவரைப் பார்த்து ஒரு கண்ணசைவு. இரண்டு பேரும் கதிரையின் இரண்டு பக்கமும் குனிந்து அம்மாவோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

"எறக்குங்கடா! ஐயோ, ஊரே பாக்குது. மாப்ள, நீங்களுமா?"

அப்பா முன்னால் பொல்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். "தேர் வருது, தேர் வருது, வழி விடுங்க" என்றார். என் அப்பா வீதியில் உரக்கப் பேசி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் உண்மையாகவே வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே சிரித்தார். கதிரை குலுங்கியது.

வேனுக்குள் நீள இருக்கையில் தம்பி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ரொட்டியை அம்மா பிய்த்துக் கொடுக்கக் கொடுக்கத் தின்றான். அவன் கையில் முழங்கைக்குக் கீழே அடுப்புத் தகடு சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார். அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் சொல்லச் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ. யாருக்குக் கல்யாணம், எந்த லயத்துக்குப் புதுக் கூரை, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட கதை. நான் கன்றுக்குட்டிக் கதையில் இருந்தபோது அவனிடமிருந்து "ம்" வரவில்லை. வாயில் கடைசி ரொட்டித் துண்டோடு அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

"டேய்" என்று நான் கை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"அம்மா, நேரம் போகுதே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"முந்தாநாள்லருந்து தூங்கலயாம். இன்னிக்கு வெளிய வர்றதுக்காக இன்னொருத்தன் வேலையையும் சேத்து செஞ்சிருக்கான். வர்ற வழியில சொன்னான். தூங்கட்டும்."

மெதுவாக அவன் தலையைத் தன் மடிக்கு இறக்கினார். வாயில் இருந்த துண்டை விரலால் எடுத்தார். நானும் அப்பாவும் என் கணவரும் சத்தமில்லாமல் இறங்கி மரத்தடிக்குப் போனோம். வாகை இலைகள் வேன் கூரையில் உதிர்ந்துகொண்டிருந்தன. வளவுக்குள் நுழைந்த ஒரு வேன்காரர் ஹோர்ன் அடித்தார். அந்தச் சிங்கள அம்மா கையை உயர்த்திக்கொண்டு ஓடி, எங்கள் வேனைக் காட்டி, கன்னத்தில் உள்ளங்கை வைத்துத் தூங்குகிறான் என்று சைகை செய்தார். அதற்குப்பிறகு வந்த வண்டிகளையெல்லாம் அவரே வாசலில் நிறுத்தி, சத்தமில்லாமல் உள்ளே விட்டார்.

அப்பா இரண்டு தடவை போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். "அப்படியேதான் இருக்காங்க" என்றார், ஏதோ பெரிய செய்தி போல.

எழுப்பும் நேரம் வந்தபோது நாங்கள் யாரும் போகவில்லை. அம்மாவே எழுப்பினார். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவது போலக் காதைத் தடவி. அவன் திடுக்கிட்டு எழுந்து, எங்களையெல்லாம் பார்த்து, முகம் சுருங்கிப்போனான்.

"ஏம்மா எழுப்பல? ஒங்ககூட பேசவே இல்லியே."

"தெனம் தெனம் நீ தூங்குனியா, தின்னியான்னுதான் நெனச்சுக்கிட்டு கெடக்கிறேன். ரெண்டையும் கண்ணால பாத்துட்டேன். வேற என்ன பேச்சு? போயிட்டு வா."

அவன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். குழாயில் முகம் கழுவி, மிச்ச ரொட்டியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டான். அப்பா அவனோடு கேட்டுவரை நடந்துபோனார். வெகுநேரம் கழித்துத் தனியாக வந்தார்.

"கப்பல் தெரிஞ்சிச்சாப்பா?"

"கட்டடம் மறைக்குது. பொகக்கூண்டு மட்டும் தெரிஞ்சிச்சு." கொஞ்சம் யோசித்து, "போதும்" என்றார்.

அடுத்த ஒப்பந்தம் முடிந்து வந்த தம்பி கடலுக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு பேக்கரியில் தலைமை வேலைக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தப் பகலைப் பற்றிக் கேட்டால் வெட்கப்படுவான். "நல்லா தூங்கினேன்க்கா, அது மட்டும்தான் தெரியும்" என்பான்.

அன்று திரும்பும் வழியில் கித்துல்கலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று வரத் தொடங்கியிருந்தது. அம்மா இறங்கவில்லை. இடுப்பு வலிக்கிறதோ என்று பயந்து கேட்டேன். இல்லை என்றார். பிறகு, யாருக்கும் கேட்காதபடி என்னிடம் சொன்னார்: அவன் தலையை வைத்திருந்த நேரம் முழுக்க அசையாமல் இருந்ததில் தொடை மரத்துப் போயிருக்கிறது, கொழும்பிலிருந்தே அப்படித்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா. தேய்ச்சு விட்டிருப்பேனே."

நான் சேலைக்கு மேலாகத் தேய்க்கக் கையை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும். அவன் தலை கனம் இன்னும் தெரியுது" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணியை வேனுக்கே வாங்கிவரப் போனேன்.