ஆயிரம் அடிக்கு நானூறு குறைவு

எங்கள் குடும்பத்தில் அடிக்கணக்கு பேசுவது புதிதல்ல. தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் பூமிக்குக் கீழே அடி எண்ணினார். நான் பூமிக்கு மேலே எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன். பெங்களூரு வானத்தில் ஏறுகிற, இறங்குகிற விமானங்களை ராடார் திரையில் பார்த்து, ஒன்றுக்கொன்று கிட்டே வராமல் வழிநடத்தும் வேலை.

விதி எளிது. இரண்டு விமானங்களுக்கு நடுவே பக்கவாட்டில் ஐந்து மைல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உயரத்தில் ஆயிரம் அடி. இரண்டில் ஒன்று போதும். இரண்டுமே இல்லாமல் போகப்போகிறது என்று கணினிக்குத் தோன்றினால், திரையில் அந்த இரண்டு விமானங்களும் சிவப்பாகி, அலாரம் கத்தும். எங்கள் கணினிக்கு ஒரு குறை உண்டு. விமானம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது அதற்குத் தெரியும்; எந்த உயரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறோம் என்பது தெரியாது. பத்தாயிரம் அடியில் சமர்த்தாக நிற்கப் போகிற விமானத்தையும் மேலே போய் முட்டிவிடும் என்று நினைத்துக் கத்தும். ஒரு ஷிப்டில் பல தடவை கத்தும். நாங்கள் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைப்போம்.

இந்தச் சம்பவம் நடந்த மாதத்தின் முதல் வாரத்தில் நான் சக ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். நாம் சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்லும்போது அவர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும், என்ன சொல்வார் என்று நாம் எதிர்பார்த்தோமோ அதைக் கேட்கக்கூடாது என்பது தலைப்பு. நல்ல வகுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

மே மாதம். மாலை நாலு மணிக்குப் பெங்களூரில் இடி மேகம் கட்டும். அன்றும் கட்டியது. மேகத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆளாளுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். புனேயிலிருந்து வரும் விமானத்தைப் பதினோராயிரம் அடிக்கு இறங்கச் சொல்லியிருந்தேன். கிளம்பிய ஒரு விமானத்தைப் பத்தாயிரம் அடிக்கு ஏறச் சொன்னேன். எங்கள் பாஷையில், கடைசி இரண்டு பூஜ்யங்களை விட்டுவிட்டு, அது "ஒன் ஹண்ட்ரட்."

விமானி திருப்பிச் சொன்னார்: "ஒன் ஒன் ஜீரோ."

அதாவது பதினோராயிரம். அதே நொடியில் பின்னால் நின்ற நண்பர், என்னோடு பத்து வருஷமாக வேலை செய்பவர், "மேடம், காபியா டீயா?" என்று கேட்டார்.

"டீ. சர்க்கரை கம்மி" என்றேன். விமானியிடம், "கரெக்ட்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது. அன்று அது ஆறாவது தடவையோ ஏழாவதோ. பத்தாயிரத்தில் நின்றுவிடுவான், இந்தக் கணினிக்கு என்ன தெரியும் என்று பொத்தானை அழுத்தினேன். கண்ணை வேறு பக்கம் திருப்பி மறுபடி பார்த்தபோது அந்த விமானத்தின் பக்கத்தில் பத்தாயிரத்து முந்நூறு என்று காட்டியது. அம்புக்குறி இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"உடனே இடது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு விமானிகளும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்: அவர்களுடைய விமானத்துக்குள் இருக்கும் மோதல் தடுப்புக் கருவி கட்டளை கொடுத்துவிட்டது. ஒருவரை ஏறச் சொன்னது, இன்னொருவரை இறங்கச் சொன்னது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கக்கூடாது. அதுவும் விதி. கருவி பேச ஆரம்பித்தால் கட்டுப்பாட்டாளர் குறுக்கே பேசக்கூடாது. பதினெட்டு வருஷ அனுபவத்தில் மிக ஆபத்தான அரை நிமிஷத்தில் என் கடமை, "ரோஜர்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டில் இரண்டு மைல், உயரத்தில் அறுநூறு அடி. கடந்து போய்விட்டார்கள்.

என்னை இருக்கையிலிருந்து எழுப்பி வேறொருவரை உட்கார வைத்தார்கள். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள், குடித்திருக்கிறேனா என்று பார்க்க. அந்த டீயைக்கூட நான் இன்னும் குடித்திருக்கவில்லை. பிறகு ஒரு படிவம்: நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

ஊருக்குள் அடுகோடியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஏழு மணி. எனக்குப் பின்னாலேயே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. என் கணவரின் அக்கா இறங்கினார். புனேயிலிருந்து பத்து நாள் தங்க வருகிறார் என்பது தெரியும். எந்த விமானம் என்று நான் கேட்டிருக்கவில்லை. அது என் கணவரின் பொறுப்பு. அவர் ஹெப்பகோடி ஃபேக்டரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

"வாங்க அண்ணி" என்று பெட்டியை வாங்கினேன். அவருடைய பட்டுப்புடவை மடியில் பெரிதாக ஒரு காபிக் கறை.

"ஏன் கேக்கிற! ஏர்போர்ட்லேர்ந்து இங்க வர ரெண்டரை மணி நேரம். புனேலேர்ந்து பெங்களூருக்கே ஒன்றரை மணி நேரந்தான். அத வுடு, அந்த ஃப்ளைட்டு கதையச் சொல்றேன். எறங்கிக்கிட்டே இருந்தவன் திடீர்னு தூக்கிட்டான் பாரு, கப்பு அப்படியே மடில."

"எறங்கறப்போ கப்ப வாங்கிக்குவாங்களே அண்ணி?"

"கேட்டாங்க. பாதி இருந்துச்சு, எப்படிக் குடுக்கிறது? பைலட்டுக்கு ஓட்டவே தெர்ல. நீ அங்கதானே வேல செய்யற, உங்க ஆளுங்ககிட்ட சொல்லி அவன்மேல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடும்மா."

"குடுத்திருப்பாங்க அண்ணி" என்றேன்.

அவர் குளிக்கப் போனதும் புடவையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போனேன். கறை பட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அறுநூறு அடி என்பது அதுவரை எனக்கு ஓர் எண்ணாகத்தான் இருந்தது. இப்போது அது உள்ளே சோப்பு எங்கே என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

விசாரணை முடியும்வரை எனக்கு ட்யூட்டி இல்லை. அண்ணி மறுநாளே கவனித்துவிட்டார்.

"என்னம்மா, லீவா?"

"ஆமா அண்ணி."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அன்று மத்தியானமே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போனது. "எனக்கோசரம் லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்திருக்கா. யாரு இந்தக் காலத்துல செய்யறா?" என் கணவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒலிப்பதிவைப் போட்டார்கள். ராடார் அறையில் பேசுவதும் பதிவாகும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். விமானியின் "ஒன் ஒன் ஜீரோ" முடிந்ததுமே என் குரல் தெளிவாகக் கேட்டது: டீ, சர்க்கரை கம்மி.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் நடுவில் இருந்தவர். போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சர்க்கரை கம்மின்னு யார்கிட்ட சொன்னீங்க? பைலட்கிட்டயா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"இல்ல சார். தப்பு என்னுதுதான். அவர் தப்பா சொன்னார், நான் கரெக்ட்டுன்னு சொன்னேன்" என்றேன்.

கோப்பில், வகுப்பில் நான் திரையில் காட்டிய பாடப் படங்களையும் இணைத்திருந்தார்கள், ஊழியர்களுக்குப் போதுமான பயிற்சி தரப்பட்டிருந்தது என்பதற்கு ஆதாரமாக. எனக்கு மறுபயிற்சி பரிந்துரைத்தார்கள். அதே படங்களை வைத்து, என்னைவிட ஆறு வருஷம் இளைய ஒரு பெண் வகுப்பு எடுத்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். என்னைவிட நன்றாகவே எடுத்தாள்.

அண்ணி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ கிட்ட?"

"அறுநூறு அடி."

"அவ்ளோ தூரமா? ஹோசூர் ரோட்ல பஸ்காரன் ஒரு அடி வுட மாட்டான்."

"அங்க ஆயிரம் இருக்கணும் அண்ணி."

கத்தியை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "அப்ப நீ எனக்கோசரம் லீவு போடல?"

அவர் கண் கலங்கியது. வானத்தில் நடந்ததை அவர் அப்போதே மன்னித்துவிட்டார் என்றும், இதை மன்னிக்க நாளாகும் என்றும் புரிந்தது. இருந்தாலும் பீன்ஸைப் பொரியல் செய்து, எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டார். மறுநாள் ரயிலில் போகிறேன் என்றார். விமான டிக்கெட்டை என் கணவர் ரத்து செய்தார்.

இரண்டு மாதம் கழித்து, பரீட்சை எல்லாம் முடிந்து, மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் விமானியை ஒன்பதாயிரம் அடிக்கு ஏறச் சொன்னேன். சரியாகத்தான் திருப்பிச் சொன்னார். இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் குரலில் லேசான சலிப்போடு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விமானத்தைக் கூப்பிட்டேன்.