எந்த வள்ளம் என்று கேட்டவர்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் தண்ணீருக்குள் இருந்தன. செப்புத் தகட்டில் சூட்டோடு ஒட்டிய தாளை ஊறவைத்து, விரலால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். உப்புவெளியிலிருந்து பரமேஸின் தங்கை தவம் போன் ஸ்பீக்கரில் பேசினார். "அக்கா போயிட்டா. மத்தியானம் படுத்தவ, எழும்பேல்ல." தாளுக்கு அடியிலிருந்து கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவற்றை வரைந்தவர் பரமேஸ்.

துறைமுகத்தடியில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடை நடத்தினோம். படகுகளின் ரேடியோவும் பற்றரி சார்ஜரும் திருத்துவோம். வாங்கக் கிடைக்காத சர்க்கிட் பலகைகளைப் பரமேஸ் வீட்டுக் குசினியிலேயே செய்துவிடுவார். கணினியில் வரைந்த கோடுகளை இடம்வலம் மாற்றி, மினுங்கும் கலண்டர் தாளில் லேசர் அச்செடுப்பார். அதைச் செப்புத் தகட்டில் கவிழ்த்து, சூடான மின்னழுத்தியால் அழுத்தினால் அச்சின் டோனர் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பின்பு பெரிக் குளோரைட் கரைசலில் போட, டோனர் மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும். நான் அவசரப்பட்டுத் தட்டை ஆட்டினால், "கரையிறதைப் பாக்காதேங்கோ, மிஞ்சுறதைப் பாருங்கோ" என்பார்.

அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தண்ணீர் நிறைந்த படகு மட்டும் புல்மோட்டைப் பக்கம் கரையொதுங்கியது. அதற்குப் பிறகுதான் படகின் அடியில் பொருத்தும் அலாரத்தைச் செய்யத் தொடங்கினார். நெருங்கி ஓடும் இரண்டு செப்புக் கோடுகளைத் தண்ணீர் தொட்டால் அது கத்தும். இதை வாசிக்கும் உங்களில் பலரின் படகுகளில் இன்றும் அது இருக்கும்.

ஒருமுறை ஒரே தகட்டில் இரண்டு அலாரப் பலகைகள் செய்து, தனித்தனியாக வெட்டினார். ஒன்று கிண்ணியா நவாஸின் படகுக்குப் போனது. மற்றது கடைச் சுவரில் தொங்கியது. ஒரு நாள் பின்னேரம், யாரும் தொடாமலே, சுவரில் இருந்தது கத்தியது.

"உப்புக் காத்துத்தான்" என்று துடைக்கப் போனேன். பரமேஸ் விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"காய்ஞ்சு கிடக்கு. நவாஸுக்குப் போன் எடுங்கோ."

தொடர்பு கிடைக்கவில்லை. உடனே இறங்குதுறைக்கு ஓடி, நவாஸின் மச்சானைப் பிடித்தார்.

"கடையில அலாரம் அடிச்சதுக்கு நாங்க கடலுக்குப் போறதா?"

"ஓம். போங்கோ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் நின்று, படகு விளிம்புவரை தண்ணீரில் கிடந்தது. அதன்மேல் நவாஸ் கவிழ்ந்து படுத்திருந்தார். கரைக்கு வந்ததும் அவர் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. "என்ட அலாரத்தில பற்றரியே இல்லக்கா. அது சத்தம் போடவே இல்ல."

ஈரக் காற்றிலுள்ள உப்பு கோடுகளுக்கிடையே படிந்தால் இப்படி நேரலாம் என்று நான் விளக்கினேன். பரமேஸ் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்லுறது சரியாயிருக்கும். ஆனா கூப்பிட்டா போய்ப் பாக்கோணும்." அதன்பின் சுவர் அலாரம் காரணமின்றிக் கத்திய நாட்களும் இருந்தன. அப்போதெல்லாம் படகுக்காரர் எல்லோருக்கும் எடுத்து, இருக்கிறார்களா என்று கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். அவர்கள் அழைத்தாலோ, பரமேஸ் முதலில் கேட்பது "எந்த வள்ளம்?" என்றுதான்.

செத்த வீட்டில் நவாஸ் என்னை வேலியோரம் கூட்டிப்போனார்.

"வள்ளத்தக் கரையில ஏத்தி வெச்சிருந்த. அடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மத்தியானம் அலாரம் அடிச்சிச்சு. என்ன செய்யிறதெண்டு தெரியாம அக்காக்குத்தான் எடுத்தன். அவ எடுக்கல்ல."

நான் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்து புறப்படும்போது தவம் பரமேஸின் போனை என் கையில் தந்தார். "வள்ளக்காரர் எடுப்பினம். ஆரும் கதைக்க வேணும். நீங்க வைச்சிருங்கோ." அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சார்ஜ் இறங்க விடுவதில்லை. அடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். சிலவேளை அந்தப் பக்கம் குரல் இருப்பதில்லை. இரைச்சல் மட்டும் கேட்கும், கடலா காற்றா என்று சொல்ல ஏலாது. அப்போதும் வைத்துவிடாமல், பரமேஸ் கேட்பதுபோலவே கேட்கிறேன்: "எந்த வள்ளம்?"