கபடிக் களத்தில் ஒரு கழுத்து

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு இடுப்பாக இல்லை. அழைத்தவர் மேரி. என் மனைவியோடு பிசியோதெரபி படித்தவர், கடலூர்க்காரர். கிராமத்துக் கபடிக் கோச்சுகளுக்கு அன்று முதலுதவிப் பயிற்சி நடத்துகிறார். "வந்து பாருங்கண்ணா, எழுத நெறைய கெடைக்கும்" என்று போனில் சொல்லியிருந்தார். கிடைக்கத்தான் செய்தது, நான் கேட்காததும் சேர்த்து.

ஒன்பதரை மணி. மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். டிராக் பேண்ட்டிலும் வேட்டியிலுமாக இருபது பேர் இருந்தார்கள். மேரி முதல் கேள்வியைப் போட்டார்.

"ஆட்டத்துல ஒரு பையன் பேச்சு மூச்சில்லாம வுழுந்துட்டான். மொதல்ல என்ன செய்வீங்க?"

"இடுப்பப் புடிச்சித் தூக்கிக் குலுக்குவோம்" என்றார்கள், ஒத்திகை பார்த்த மாதிரி. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மூஞ்சில சோடா அடிப்போம்" என்று சேர்த்துக்கொண்டார்.

கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தக் குலுக்கலிலேயே அவனுக்குக் கையும் காலும் ஆயுசுக்கும் போய்விடலாம் என்று மேரி நிதானமாகச் சொன்னார். "இத்தினி வருசமா குலுக்கிக்கினுதான மேடம் இருக்கோம்" என்றார் ஒருவர். அவர் குரலில் வீம்பு இல்லை, பயம்தான் இருந்தது.

மதியத்துக்குள் எல்லோரும் ஓரளவு தேறினார்கள். குமரவேல் என்பவர் தேறியது வேறு ரகம். காட்டுமன்னார்கோயில் சாலையில் ஒரு கிராமத்து அணியின் கோச் அவர், நாற்பது வயதிருக்கும். பாயில் படுத்தவனின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை அணைத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி அசையாமல் பிடித்தார். மேரி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குமரவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாளைக்கு எங்க ஊர்ல மேட்ச்சு மேடம். சாரயும் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்குச் சிதம்பரம் பேருந்து. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. மேரியின் பையிலிருந்து கழுத்துப் பட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. நடத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "கழுத்துல அடியாம்மா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே."

மூவரும் சிரித்தோம். சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, நாலு மணிக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறுவடை முடிந்த வயலைச் சமன் செய்து களம் போட்டிருந்தார்கள். ஊரே வரப்பில் இருந்தது. குமரவேலின் அக்கா மகன் சரண் உள்ளூர் அணிக்காக எதிரணிப் பக்கம் பாடிப் போனான். இருபது வயது, நல்ல வேகம். மூன்றாவது முறை போனபோது, காலைப் பிடித்தவனிடமிருந்து திமிறிப் பாய்ந்தான். எதிரே வந்தவனின் முழங்காலில் தலை மோதியது. மல்லாந்து விழுந்தவன் அசையவில்லை.

விசில் ஊதுவதற்குள் குமரவேல் ஓடினார். தலைமாட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் நேராக இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். சரணின் உடம்பு எழும்ப, தலை மட்டும் மண்ணில் கிடந்தது. நேற்று எல்லோருக்கும் செய்து காட்டிய அதே மனிதர்.

"கோச்சு, தூக்காதீங்க" என்று கத்திக்கொண்டே மேரி ஓடிப்போய்த் தலைமாட்டில் விழுந்தார். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடியே மெதுவா கீழ வுடுங்க."

குமரவேலுக்கு அப்போதுதான் காது கேட்டது போலிருந்தது. மெல்ல இறக்கினார். கூட்டம் மேரியைச் சூழ்ந்தது. "யாரும்மா நீ? புள்ள மூச்சில்லாம கெடக்கறான், தூக்க வுடு" என்று ஒருவர் தோளைப் பிடித்தார்.

"மூச்சு வருது, நான் பாக்கறேன். நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

கொஞ்ச நேரத்தில் சரண் கண்ணைத் திறந்தான். "மாமா, கையி மரத்துப் போச்சி" என்றான். குமரவேல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, கழுத்துப் பட்டை போட்டுப் பலகையில் ஏற்றும் வரை மேரி கையை எடுக்கவில்லை.

மாலை ஆறரை, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த டாக்டர் கழுத்தெலும்பில் விரிசல் என்றார். நரம்பு தப்பியிருக்கிறது, காலையில் ஆபரேஷன், அதுவரை தலை அசையவே கூடாது. குமரவேல் தானாகவே என்னிடம் வந்தார்.

"நேத்து படுத்திருந்தவன் சிரிச்சிக்கினு இருந்தான் சார். இன்னிக்கி எங்க அக்கா புள்ள. மூளைக்கு எட்டறதுக்கு முன்னாடி கை இடுப்புக்குப் போயிடுச்சி."

அவரை நான் எப்படித் திட்டுவது? எங்கள் ஊர் வாலிபால் திடலிலும் விழுந்தவனின் இடுப்பைத்தான் முதலில் பிடிக்கிறோம். ஒருநாள் வகுப்பில் எல்லாம் மாறிவிடும் என்று நம்பிக் குறிப்பெடுத்த என் மீதுதான் கோபம் வந்தது.

ஏழரைக்கு நான் கிளம்பும்போது சரணின் அம்மா வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. "ஐயோ, எஞ்சாமி" என்று கட்டிலை நோக்கி ஓடினார். மகன் தலையைத் தூக்கி மடியில் வைக்கத்தான் அந்தக் கைகள் போயின.

குமரவேல் குறுக்கே பாய்ந்து நின்றார். "தொடாதக்கா."

"எம்புள்ளய நான் தொடக் கூடாதா? நீ ஆடச் சொல்லித்தானடா அவன் ஆடுனான்."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. அவர் நகரவில்லை. இன்னொன்று விழுந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். குமரவேலின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, இரண்டு கைகளும் கட்டிலை மறைத்தபடி விரிந்தே இருந்தன.

"அடிக்கா, எவ்ளோ வேணா அடி. தலைய மட்டும் தூக்காத."