கொழுந்துப் பச்சை

ரிங்லெட் என்ற மலையூரைத் தாண்டி ஒரு தேயிலைச் சரிவில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறேன். இம்ப்ரஷனிசம் எனக்குப் பிடித்ததே அதன் அவசரத்துக்காகத்தான். அந்த ஓவியர்கள் அறையை விட்டு வெளியே வந்து, வெளிச்சம் மாறுவதற்குள் நுணுக்கம் பார்க்காமல் வண்ணத்தைத் தீற்றியவர்கள். மூடுபனி இறங்குமுன் இந்த இளம்பச்சையைப் பிடித்துவிட நானும் பறக்கிறேன்.

வருவது பனி அல்ல. சிவப்புச் சட்டை போட்ட இருவர் தூக்கிப் பிடித்த, கொழுந்து வெட்டும் மெஷின். கூடவே அவர்களை மேய்க்கும் கங்காணி அம்மா.

"அண்ணே, தள்ளிக்குங்க. இந்த வரிசை வெட்டணும்."

"அரை மணி நேரம் பொறுக்கலாமா?"

"லோரி நிக்குது லா. கொழுந்து வாடிட்டா ஃபேக்டரில எடுக்க மாட்டாங்க."

தள்ளி நிற்கிறேன். மெஷின் போன இடமெல்லாம் இளம்பச்சை போய், அடியிலிருந்த கரும்பச்சை மட்டும் மிஞ்சுகிறது. பாதி முடிந்த என் படத்தைக் கங்காணி அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"கலரு சரியாத்தான் இருக்கு. மிச்சத்துக்கு மூணு வாரம் கழிச்சு வாங்க, திரும்பத் துளிர்த்துரும்."

எனக்கு நாளை விமானம். கண்முன் இருப்பதைத்தானே அந்த ஓவியர்களும் வரைந்தார்கள்? மிச்சப் பாதிக்குக் கரும்பச்சையைக் குழைக்கிறேன். இதுவரை ஆளே இல்லாதிருந்த என் மலைச்சரிவில், மெஷின் தூக்கும் இருவருக்கும் இரண்டு சிவப்புத் தீற்றல்.