இடது பின்கதவு

அலுவலகத்தில் அவனை எல்லோரும் நாற்பது என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டி ஆறு வருஷம் ஆகிறது. வண்டியின் வேகம்தான் தாண்டவில்லை. ஒரு நிவாரண நிறுவனத்தில் பதினொரு வருஷமாக டிரைவர். டாக்டரை முகாமில் கொண்டுபோய் விடுவது, தண்ணீர்க் குழாய் போடும் இன்ஜினியரைக் கூட்டிவருவது, விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நிற்பது. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அப்பேர்ப்பட்டவன் பதினாலு மாதமாக, முகத்தைக்கூடப் பார்த்திராத இன்னொரு டிரைவரை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தான்.

அவன் மனைவி நர்ஸ். அதே நிறுவனத்தில்தான் வேலை. வேறொரு நாட்டு முகாமுக்கு ஆள் கேட்டார்கள், விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. இங்கே இருந்தவரை உள்ளூர் ஊழியர். விமானம் ஏறி இறங்கியதும் சர்வதேச ஊழியர். அதே கை, அதே ஊசி, பட்டம் மட்டும் மாறிப்போச்சு என்று அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு மாதம் தாங்கியது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். மருந்து தீர்ந்துபோனதையும் மழையில் கூடாரம் சரிந்ததையும் சொல்லிக்கொண்டே வருவாள். நடுவில் எப்படியும் அது வந்துவிடும்: "நம்ம டிரைவர் இருக்காரே..." உடனே இவனுக்குக் காது சுடும். நம்ம டிரைவராம். இங்கே கட்டின புருஷன் ஒருத்தன் பதினெட்டு வருஷமாகக் குத்துக்கல் மாதிரி இருக்கிறான்!

குறை கண்டுபிடிக்கக் குடைந்து குடைந்து கேட்டான். வண்டியை எப்படி நிறுத்துகிறான்? வாசலைப் பார்த்துத்தானாம், அவசரமென்றால் கிளம்ப வசதியாக. டீசல் பாதி டாங்குக்குக் கீழே போகிறதா? போகாதாம். அரை மணிக்கு ஒருதரம் வயர்லெஸ்ஸில் இருக்கும் இடம் சொல்கிறானா? தவறாமல் சொல்கிறானாம். கேட்கக் கேட்க இவனுக்குள் புகைந்தது. ஒரு நல்ல டிரைவர் எப்படி இருப்பான் என்று இவனுக்குத் தெரியாதா என்ன?

அதுதான் பயமே. வண்டிக்குள் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாள் முழுக்கச் சாவையும் பசியையும் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள், வீட்டில் சொல்லாததை எல்லாம் டிரைவரின் முதுகிடம் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் இன்ஜினியர், அம்மா இறந்த செய்தி வந்த அன்று, பின்னிருக்கையில் ஒரு மணி நேரம் அழுதாள். தன் கைக்குட்டையைக் கொடுத்தான். வீட்டில் வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. அங்கே தன் மனைவி எத்தனை கைக்குட்டை வாங்கியிருப்பாளோ என்று இப்போது மனசு அரித்தது.

போன மாதம் வந்ததுதான் பெரிய அடி. காருக்குள் உட்கார்ந்தால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்று அந்த ஆள் கண்டுபிடித்துவிட்டானாம். அவளுக்காக எலுமிச்சை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறானாம். கட்டினவனுக்கு இது தெரியாது. அவள் எப்போதும் இவனுடைய பைக்கில்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். காருக்குள் அவளை வைத்து ஓட்டியதே இல்லை. அம்மா பேசும்போது உங்க மூஞ்சியைக் கண்ணாடியில் பாருங்கப்பா என்று மகள் சொன்னாள். பார்க்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் வேலையை நீட்டித்துக் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்க சரின்னாதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை பத்து நாள் விடுப்பில் கிளம்பி வந்தாள். வேண்டாம் என்ற சொல்லை அவன் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தான்.

விடுப்பில் வருகிறவர்கள் முதலில் அலுவலகத்துக்கு வந்து மருத்துவப் பரிசோதனை முடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து அழைத்துவர அலுவலக வண்டி போகும். டிரைவர்களுக்கு வேலை பிரிக்கிறவர் குறும்புக்காரர். அந்தப் பயணத்தை இவன் தலையிலேயே கட்டினார். வெளியாட்களை ஏற்றக்கூடாது என்பதால் மகள் வீட்டில் காத்திருந்தாள். ட்ரிப் ஷீட்டில் பயணி பெயர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினான். உறவு என்று ஒரு கட்டம் அதில் இல்லை. போகிற வழியில் எலுமிச்சை மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி, முன்னால் கண்ணாடிக்குக் கீழே, ஏறியதும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான்.

வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியை வாங்கி வைத்தான். அவள் ஏறி பெல்ட் மாட்டினாள். "பெல்ட் போட்டாச்சு, போகலாம்" என்றாள், அங்கே சொல்லிப் பழகிய அதே தொனியில். "ஒரு பயணி, புறப்பட்டாச்சு" என்று இவன் வயர்லெஸ்ஸில் சொன்னான்.

கால் மணி நேரம் ஓடியது. மகளின் பரீட்சை, வீட்டுக்காரர், மழை என்று ஏதோ பேசினார்கள். கண்ணாடியில் அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. மகாராணி மாதிரி பின்னிருக்கையில். மிட்டாய் முன்னால் கிடக்கிறது, அவள் கண்ணிலேயே படவில்லை.

"அங்க பின்னாடி உக்காந்து உக்காந்து பழகிப்போச்சு போல" என்றான்.

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"நீங்கதான் பின்கதவைத் திறந்தீங்க."

 ஆமாம். தள்ளுவண்டியை வாங்கினான், பெட்டியை ஏற்றினான், இடது பின்கதவைத் திறந்து, ஓரடி தள்ளி, கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பதினொரு வருஷமாக யார் வந்தாலும் செய்வதை அவளுக்கும் அப்படியே செய்திருந்தான்.

"முன்னாடி வான்னு சொல்லுவீங்கன்னு ஒரு நிமிஷம் நின்னேன்" என்றாள். "நீங்க என் முகத்தையே பாக்கல. அந்த டிரைவர் எனக்கு ஒருநாளும் கதவு திறந்ததில்ல. வண்டிய விட்டு இறங்கக்கூடாதுன்னு அங்க விதி. நானே திறந்து ஏறிக்கணும்."

பதினாலு மாதமாக எதிரியைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. பொறாமை மட்டும் போகவில்லை, அது இன்னொரு பக்கம் உட்கார்ந்துகொண்டே இருந்தது.

விமான நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் எங்கும் நிறுத்தக்கூடாது. அவன் நிறுத்தினான். வண்டி நிற்பது அலுவலகத் திரையில் தெரியும், உடனே வயர்லெஸ் கத்தியது: ஏன் வண்டி நிற்கிறது?

"பயணி இடம் மாறுறாங்க" என்றான்.

இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்தான். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தான். வெளுத்திருந்தது, அவளுக்கு அப்போதே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தான். அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அவன் குடுக்கிறதும் இதே மிட்டாய்தானா?"

"அது இன்னும் புளிப்பு."

கேட்டிருக்க வேண்டாம். நாற்பதிலேயே ஓட்டினான். அலுவலக வாசல் தெரிந்ததும், நாக்கு நுனியில் வைத்திருந்த வேண்டாம் என்ற சொல்லை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"கையெழுத்துப் போட்டுடு. ஒரு வருஷம்தானே. ஆனா நம்ம டிரைவர்னு மட்டும் சொல்லாத."

அவள் சரி என்றாள்.

ட்ரிப் ஷீட்டை நீட்டினான். கீழே பயணி கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் பயணியின் குறிப்பு. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள், கொஞ்சம் யோசித்து ஏதோ எழுதினாள், பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் எடுத்துப் படித்தான். முன்னிருக்கை தாமதமாகக் கிடைத்தது என்று எழுதியிருந்தது.