வெதுவெதுப்பாக வந்த கயிறு

கடலுக்கு அடியில் உடம்பில் சூடுள்ள ஏதோ ஒரு பிராணி எங்கள் வலையைக் கவ்விக்கொண்டு கரைப் பக்கம் நடக்கிறது என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயசில். பனித்திட்டு என்கிற மீனவக் கிராமத்தில் பிறந்தவன்தான், ஆனால் பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடல் என்றாலே நாற்றம், பிசுபிசுப்பு, வாந்தி. அதற்குப் பயந்துதான் அந்தக் கடையே.

அன்றைக்கு மச்சானோடு, அதாவது என் மனைவியின் தம்பியோடு, வழக்கமாகப் போட்டில் மீன் பிடிக்கப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. மச்சானிடம் இருந்தது ஒரே ஒரு வலை, புத்தம் புதுசு. அந்த வருஷம் அவன் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

“கயித்த புடிச்சிக்கினு குந்து மாமா, அது போதும்” என்றான்.

“வலைய உட்டுட்டு வந்து நிக்கப் போற” என்றாள் என் மனைவி. வாய் முகூர்த்தம்.

முகத்துவாரத்துக்கு நேரே போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆற்று வெள்ளம் ஊரையெல்லாம் கழுவிக் கடலில் ஊற்றியிருந்தது. டீ நிறத்தில் தண்ணீர். இப்படிச் சொன்னதற்கு டீ என்னை மன்னிக்க வேண்டும். தெர்மாகோல் தட்டு, குழந்தை டயப்பர், ஊறிப்போன தலையணை, வயிறு உப்பி நாலு காலையும் வானத்துக்கு நீட்டிய ஒரு செத்த பன்றி. இன்ஜினை நிறுத்தி வலையை இறக்கினோம். பன்றி எங்கள் போட்டோடு அதே வேகத்தில் கிழக்கே வந்துகொண்டிருந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரன் மாதிரி.

வலைக் கயிறு என் கையில். நாங்கள் கிழக்கே போகிறோம், கயிறோ மேற்கே இழுக்கிறது. ரெண்டு முழம் இழுத்துப் பார்த்தேன். மேல் தண்ணீர் சில்லென்று இருந்தது. அடியிலிருந்து வந்த கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. எதன் வாயிலிருந்தோ உருவின மாதிரி.

காலையில் தின்ற இட்லி முழுக்க என் பனியனுக்கு வந்தது.

“மச்சான், எதுவோ புடிச்சி இழுக்குதுடா!”

“ஒண்ணும் இல்ல மாமா. கம்முனு இரு.” அவன் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கயிறு விண்ணென்று தெறித்தது. போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த சாமி அத்தனை பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன், வில்லியனூர் மாதாவையும் விடவில்லை. காலடியில் கத்தி கிடந்தது. அறுத்துவிட்டேன். அறுத்தது போதாதென்று பெருமையாகத் திரும்பி, “தப்பிச்சோம்டா” என்றேன்.

மச்சான் அறுந்த நுனியையே பார்த்தான்.

“யார்கிட்டேர்ந்து?”

கடலில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி நீட்டினான். “நக்கிப் பாரு.”

“பன்னி மெதக்குதுடா!”

“நக்கு.”

நக்கினேன். உப்பே இல்லை. சேறு, சாக்கடை, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

“இப்ப நீ இழுத்துப் போட்ட கயித்த சப்பு.”

சப்பினேன். கரித்துக் கொட்டியது.

“மேல ஓடறது மழத் தண்ணி. உப்பு இல்ல, லேசு. கடலுக்குள்ள போவுது. கீழ உப்புத் தண்ணி, கனம். மேலது வெளிய போவ, இது கரையப் பாத்து உள்ள வருது. நாம மேல, வலை கீழ. அவ்ளோதான்.”

“சுடுதண்ணி மேலதானடா வரணும்?”

“உப்பு ஒரே அளவா இருந்தா வரும். இங்க உப்போட கனம் சூட்ட அமுக்கி வெச்சிருக்கு. எங்கியோ பனி கொட்ற நாட்டுல குளிரும் உப்பும் ஒண்ணு சேந்து தண்ணிய அடிக்கு முழுக வெக்கிதாம். அப்பிடி முழுகறதுதான் ஒலகக் கடலையே சுத்த வெக்கிதுன்னு போன்ல ஒரு வீடியோவுல காமிச்சான். அந்த ஊர்லயும் ஒருத்தன் கத்தியோட குந்தினு இருக்கானான்னு தெரியல.”

கீழ்த் தண்ணீர் கரைக்கு வருவதால் வலையும் முகத்துவாரத்துக்குத்தான் வரும் என்றான். போட்டை வைத்து ரெண்டு நாள் துழாவினோம். மூன்றாம் நாள் அங்கே ஒரு பனங்கட்டையில் சுற்றிக் கிழிந்து கிடந்தது. மீன் அழுகிக் கூழாகி, கண்ணிக்குக் கண்ணி புழு நெளிந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நான்தான் பிரித்தேன். இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது அந்த நாற்றம் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வலையை யாரும் இழுக்கவில்லை. மேல் தண்ணீர் கிழக்கே போனது, கீழ்த் தண்ணீர் மேற்கே வந்தது. நடுவில் கயிற்றை அறுத்தவன் நான். பாதி வலைதான் மிஞ்சியது.