“அப்புறம்?” என்று கேட்ட அத்தை

கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. “அத்தை போயிட்டாங்கமா. மாடியில துணி காயப் போட்டுக்கினு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க.” ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து இறக்கி வைப்பதுபோல் தாழ்ந்து, நிதானமாக வந்தது அவர் குரல். எங்கள் வீட்டுக் குரல் அது. துக்கத்திலும் அது நடுங்காது. கேட்பவர்தான் நடுங்க வேண்டும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சாலையோரம் நின்றேன். அழுகைக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. அந்தக் குரலோடு பிறந்தவர்களில் அதைக் கண்டு பயந்தவர்கள் அத்தையும் நானும்தான். இனி நான் மட்டும்தான்.

இன்று இந்தப் படத்திறப்புக்கு வந்திருக்கிற உங்களில் பலருக்குச் சுலோசனா அத்தை என்றால் கவுன்சிலரம்மா. அதற்கு முன் அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, வீட்டில் கூடிப் பேசி அவரை நிறுத்தினார்கள். “அக்கா நம்ம பேச்ச தாண்ட மாட்டாங்க” என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. பிரசாரத்துக்கு அதிகம் அலையாமலே ஜெயித்தார். மேளதாளம் ஓய்ந்து எல்லோரும் போன பிறகு, மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தபடி சொன்னார்: “நான் ஜெயிக்கலமா. எங்கப்பா மேல இருக்கிற பயம் ஜெயிச்சுது. மனுஷன் செத்தும் ஓட்டு வாங்கிக்கினு இருக்காரு பாரேன்.”

அவர் அப்பாவை, அதாவது என் தாத்தாவை, நான் சின்ன வயதில் பார்த்ததுதான். மாகறல் பக்கம் நிலம், வாலாஜாபாத்தில் அரிசி மில், ஒன்றியத்தில் தலைவர் பதவி. எல்லோருக்கும் அவர் ‘தலைவர்’. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எதிரில் இருப்பவர் சொல்ல வந்ததைப் பாதி சொல்லியிருப்பார், தாத்தா மெதுவாக நிமிர்ந்து பார்த்து, “அப்படியா?” என்பார். மீதிப் பாதி அந்த மனிதரின் தொண்டையிலேயே நின்றுவிடும். அத்தனை வருடம் அவர் எல்லாரையும் நடத்தியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊரில் பல கதைகள் உண்டு. அவரிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. நான் ஒருமுறை கேட்டேன், மறைக்காமல் சொன்னார். அவரோடு வங்கித் தேர்வுக்குப் படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகத் தாத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். தாத்தா பேப்பரிலிருந்து நிமிர்ந்து, “அப்படியா?” என்றாராம்.

“அப்புறம் என்ன சொன்னார்?”

“அவ்ளோதான்மா. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. கொஞ்ச நாள்ல அந்தக் குடும்பமே ஊர்ல இல்ல.”

“எங்கே போனாங்க?”

“வேற ஊர்ல வேல கெடச்சுதுன்னு சொன்னாங்க. நெசமான்னு கேக்கல. கேக்கவே பயமா இருந்துது.” அதைச் சொல்லும்போதும் அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தாத்தா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கவுன்சிலரான புதிதில் நடந்ததை அத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார். தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு அத்தை போன் செய்தார். மோட்டார் பழுது என்றார் அவர். அத்தைக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் “அப்படியா?” என்றார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு அந்த மனிதரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். “தெரியாம சொல்லிட்டேம்மா. வேலைய எடுத்துடாதீங்க.” மோட்டார் உண்மையிலேயே பழுதுதான். பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அத்தை வெளியே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “நான் ஒண்ணுமே சொல்லலயேம்மா” என்றார். “எங்கப்பாவும் ஒண்ணும் சொன்னதில்லதான்.”

அன்றோடு அந்த வார்த்தையை நிறுத்தினார். வாயில் ஊறியதை நிறுத்துவது லேசாக இருக்கவில்லை. அந்த இடத்தில் சொல்ல வேறொன்று வேண்டியிருந்தது. “அப்புறம்?” என்று கேட்கப் பழகினார். பால் காய்ச்சும்போது அடுப்பைப் பார்த்து “அப்புறம்? அப்புறம்?” என்று சொல்லிப் பார்ப்பார். முதலில் அதுவும் மிரட்டல்போலத்தான் வந்தது. அந்தக் குரலை மேலே ஏற்றி, கடைசி எழுத்தில் தளர்த்தி, எதிராளி தொடர்ந்து பேசலாம் என்பதுபோல ஆக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. பிறகு வார்டு முழுக்க அதுவே அவர் பெயராகிவிட்டது. பால் பூத் அருகே ஒரு பாட்டியம்மா அவரைப் பிடித்து வைத்துச் சத்தம் போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: “இன்னாம்மா நீ, அப்புறம் அப்புறம்ங்கற? நான் இன்னா கதையா சொல்லிக்கினு இருக்கறேன்? சாக்கட அடச்சிக்கிச்சு, அவ்ளோதான்!” அத்தை அன்று வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். “என்ன பாத்து கத்துறாங்கமா! தலைவர் பொண்ணப் பாத்துக் கத்துறாங்க!”

ஆனால் என் விஷயத்தில் அவர் சிரித்ததில்லை. செவிலிமேட்டில் அவர் வீட்டுச் சமையலறையில் நின்று நான் ஒருநாள் போன் பேசிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் வர இன்னும் நாளாகும் என்றார்கள். “அப்படியா?” என்றேன். எதிர்முனையில் உடனே குரல் மாறியது: “இல்ல மேடம், இன்னைக்கே அனுப்பறோம்.” போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தை தட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கும் வந்துடுச்சு” என்றார், காய்ச்சலைச் சொல்வதுபோல. “எனக்கு பயமா இருக்குதுமா.”

“எதுக்கு அத்தை? நான் யாரை என்ன பண்ணிடப் போறேன்?”

“அதில்லடி. உனக்கு அது புடிச்சிடும்.”

அவர் சொன்னது சரி. சிலிண்டர் அன்றே வந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே தாத்தாவின் பழைய ஆட்கள் வந்தார்கள். இடைத்தேர்தல் வரும், அந்த இடம் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று அப்பாவோடு பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள்; லீவு நாளில் புத்தகத்தோடு அறைக்குள் இருப்பவள். அது ஒரு தடையாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. வயதில் மூத்தவர் ஒருவர் சால்வையோடு எழுந்தார். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. தலைவர் போட்ட பாவு அப்படியே தறியில இருக்குது. நீ வந்து உக்காந்தா போதும். எதுத்து யாரும் நிக்கமாட்டான்.”

நான் நிஜமாகவே திகைத்துப்போய்த்தான் கேட்டேன்: “அப்படியா?”

சால்வைக்காரர் கண் கலங்கிவிட்டது. “தலைவர் கொரலு! அப்படியே தலைவர் கொரலு!” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். துக்க வீட்டுக்குப் பந்தலும் நாற்காலிகளும் வாடகைக்குக் கொடுத்த பாக்கியநாதன். அவற்றை எடுத்துப்போக வந்தவர், கூட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். என் வார்த்தையைக் கேட்டதும், அவருடைய சொந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் அப்பா எங்கள் மில்லில் மூட்டை தூக்கியவர்.

எங்கள் வீட்டில் குரல் இறங்கி வந்ததுபோல, அவர் வீட்டில் தானாக எழுந்து நிற்கும் முழங்கால் இறங்கி வந்திருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீங்க நிக்கணும்மா, நல்லது” என்றார் என் முகத்தைப் பார்க்காமல். அத்தை செய்ததுபோல் குரலை மேலே ஏற்றி, தளர்த்திக் கேட்டேன்: “அப்புறம்?”

“அப்புறம் இன்னா. அவ்ளோதான்.”

“அப்புறம், அண்ணா?”

டம்ளரைக் கீழே வைத்தார். “என் மருமவ கலைவாணி. உங்க அத்த கூடவே வார்டு பூரா சுத்துனாளே, அவளுக்கு நிக்கணும்னு ஆசம்மா. கவுன்சிலரம்மாவே ஒருதபா சொன்னாங்களாம், அடுத்தது நீதான்னு. உங்க வூடு நிக்குதுன்னு தெரிஞ்சா அவ வாயே தொறக்கமாட்டா. நானே தொறக்க வுடமாட்டேன். பயம்மா.” உடனே இரண்டு கையையும் கூப்பினார். “தப்பா சொல்லிட்டேனா?”

அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை கேட்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. நான் ஜெயித்திருப்பேன். யாரும் எதிர்க்கவில்லை என்று நம்பியும் இருப்பேன்.

இன்று பேச வேண்டியதை எழுதும்போது, இதையும் எழுதலாமா என்று கலைவாணியிடம் கேட்டேன். “மாமாவுக்குப் பயம். எனக்கும்தான். உங்களுக்கு இல்லையா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்போ எழுதுங்க” என்றார்.

நான் நிற்கப் போவதில்லை. கலைவாணி நிற்கிறார். இதை இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்தப் படத்துக்கு முன்னால், இத்தனை பேர் எதிரில் சொன்னால்தான் எனக்கு வாய் வரும். அத்தையின் வீட்டையும் நகையையும் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளட்டும். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவர் அடுப்படியில் பழகிய அந்த வார்த்தையை. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இறங்கி வந்ததும் மெதுவாக நிமிர்ந்து பார்த்து, “அப்படியா?” என்பார். அத்தை அதற்குமேல் பேச முடியாமல் நின்ற இடம் அது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கேயே நின்று, “ஆமாம்பா” என்று சொல்லிவிட்டு, அவரிடமும் கேட்கப் போகிறேன்: “அப்புறம்?”